தொட்டிச் செடிக்குப் பின்னால் ஒரு கடல்

பசையுள்ள ஆள் என்று யாரையாவது சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நல்ல வசதி போலிருக்கிறது, இரண்டு மூன்று வீடாவது இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். பசையண்ணனுக்கு அந்தப் பெயர் வந்த கதையே வேறு. அவர் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டுகிறவர். பசை அவரிடம் ஏராளமாக உண்டு, வாளியில். முழங்கையிலும் சட்டைக் காலரிலும் சில நாள் காதுக்குப் பின்னாலும்கூட உண்டு. சட்டைப் பையில் மட்டும் அளவாகத்தான் இருக்கும். அதற்காக அவர் ஒருநாளும் முகத்தைத் தொங்கப் போட்டதில்லை.

வேலையில் கெட்டிக்காரர். காகிதத்தைப் பட்டை பட்டையாக ஒட்டிக்கொண்டே போகும்போது ஒரு பட்டையும் அடுத்த பட்டையும் சேருகிற கோட்டை அந்தத் தொழிலில் ஜாயின்ட் என்பார்கள். பசையண்ணன் ஒட்டிய சுவரில் ஜாயின்ட் தெரியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாலும் தெரியாது. "கண்டுபிடித்துக் காட்டினால் கூலி வேண்டாம்" என்று அவர் தாராளமாகப் பந்தயம் கட்டலாம். ஆனால் பந்தயம் கட்டுவதற்கு வாய் வேண்டுமே. அது அவருக்குக் கிடையாது.

ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். அளவு சொல்வார், டீ கேட்பார், மகள் திட்டினால் சிரிப்பார். ஒரே ஒரு வார்த்தைதான் அவருக்கு வராது. "நகருங்க." அந்த வார்த்தை தொண்டை வரை வந்து அப்படியே உட்கார்ந்துவிடும். ஒட்டுகிற தொழிலில் இருக்கிறவர் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்ல வேண்டிய வார்த்தை அது. சோபாவை நகர்த்துங்க, அலமாரியை நகர்த்துங்க, பாதைக்கு நடுவில் நிற்காதீங்க, கொஞ்சம் நகருங்க. இவர் சொல்ல மாட்டார். ஏணியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார். ஒரு வீட்டில் சுவரோரமாக ஒரு பெரியவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாராம். இவர் அவரை எழுப்பாமல் சுற்றி ஒட்டியதில், பெரியவர் எழுந்தபோது சுவரில் அவர் வடிவத்துக்கு வெள்ளையாக ஒரு இடம் இருந்ததாம். கூட வேலை செய்கிறவர்கள் கட்டிவிட்ட கதை. கேட்டவர்கள் யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை என்பதுதான் விசேஷம்.

இவருக்கு இல்லாத வாயையும் சேர்த்து வாங்கி வந்தவள் அவர் மனைவி. ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷன் மேஜை அவளுடையது. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அங்கேதான். பல் டாக்டரிடம் வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்த மாதிரி பெஞ்சில் உட்காருவார்கள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் பாதிப் பேருக்குப் பல்வலி தானாகவே சரியாகிவிடும். "இன்னொரு நாள் வரேங்க" என்று கம்பி நீட்டப் பார்ப்பார்கள். அவர்களை உட்கார வைப்பதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பெஞ்சுக்கு எதிரே சுவர் முழுக்க ஒட்டியிருந்த தீவுப் படம்தான் அது.

இடது கோடியில் மணலில் ஏற்றி வைத்த ஒரு படகு. அப்புறம் மணல், மணலில் சாய்ந்து நிற்கிற ஒரு தென்னை மரம். பிறகு ஒரு பெரிய தொட்டியில் ரப்பர் செடி. செடி படத்தில் இல்லை, நிஜச் செடி, சுவரோடு ஒட்டி நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பாதை, பாதை ஏறுகிற பச்சை மலை. மலை உச்சியில் முன்பல் விழுந்த குழந்தையின் வாய் மாதிரி ஒரு பள்ளம்.

ஆறடி உயரத்தில் ஒரு லாரி டிரைவர் வந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் மேஜையிலிருந்தே ஆரம்பிப்பாள்.

"அண்ணே, அந்தப் படகைப் பாருங்க. அதுலேருந்து மெதுவா இறங்குங்க. செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கோங்க."

"நான் எதுக்கும்மா..."

"இறங்குங்கண்ணே. மணல் சுடாது. அப்படியே தென்னை மரம் வரைக்கும் நடங்க. நிழல் இருக்கும், நின்னு ஒரு மூச்சு விடுங்க. விட்டீங்களா? இப்ப நேராப் போங்க. செடி கொஞ்சம் மறைக்கும், பரவாயில்ல. அதைத் தாண்டினா பாதை. மேல பள்ளம் தெரியுதா? அங்க போய்ச் சேர்றதுக்குள்ள டாக்டர் கூப்பிட்டுடுவார்."

டிரைவர் நடப்பார். நிஜமாகவே நடப்பார், கால் விரல்கள் அசைவது தெரியும். டாக்டர் அடிக்கடி சொல்வார், "ஊசியில பாதி மருந்தை நீங்களே போட்டு அனுப்பிடறீங்க. மீதியைத்தான் நான் போடறேன்." அப்போது அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். காத்திருக்கிறவர்களில் கண் கூர்மையான ஒருவர் எப்போதாவது கேட்பார், "ஏங்க, செடிக்கு மேல கடலோட நிறம் மாறுதே?" அதற்கும் அவளிடம் பதில் உண்டு. "அங்க ஆழம் அதிகம்."

இந்த வருஷம் அவர்களுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். மகளுக்கு வேலை கிடைத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அவள் அறிவித்தாள்.

"ரெண்டு பேரும் எங்கயாவது ஒரு தீவுக்குப் போறீங்க. டிக்கெட் என் செலவு. எந்தத் தீவுன்னு மட்டும் சொல்லுங்க."

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதுல என்ன கேள்வி? நம்ம தீவுதான். மருத்துவமனைச் சுவர்ல இருக்கே, அது."

"அது எங்க இருக்கு? பேர் என்ன?"

"அப்பாதானே ஒட்டினார், அவரைக் கேளு."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பசையண்ணன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பேரெல்லாம்... டப்பா மேல இருந்துச்சு. மறந்துபோச்சு" என்று மென்று விழுங்கினார்.

விஷயம் இதுதான். அந்தத் தீவு உலகத்தில் எங்கேயும் கிடையாது. பாதித் தீவு ஒரு கடலில் இருக்கிறது, மீதிப் பாதி இன்னொரு கடலில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கியது பசையண்ணனின் கத்தியும் பசையும்.

அப்போது மருத்துவமனை புதிது. படகும் தென்னையும் உள்ள படத்தை டாக்டர்தான் தேர்ந்தெடுத்து, சுவரின் நீளத்தை அளந்து சொல்லும்படி இவரை அனுப்பினார். இவரும் டேப்போடு போய் அளந்தார். ஒட்டுகிற அன்றைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. வந்திறங்கிய படம் சுவரில் மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. ஒரு தடவைகூட அளவு தப்பாத மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டர் வெளியே போயிருந்தார், மருத்துவமனையில் வேறு யாரும் இல்லை. இவருடைய கிடங்கில் ஒரு ஓட்டல்காரர் வேண்டாம் என்று தள்ளிய மலைப் படம் ஒன்று கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார். மணலுக்கு மணல், கடலுக்குக் கடல், அடிவானத்தை நூல் பிடித்த மாதிரி சேர்த்து ஒட்டினார். டாக்டர் திரும்பி வந்து, "அட, மலைகூட இருக்கா!" என்று கைதட்டினார். இவர் தலையை ஆட்டினார்.

என்ன சேர்த்தும் மணல் அந்தப் பக்கம் மஞ்சள், இந்தப் பக்கம் வெள்ளை. இரவு முழுக்க அது கண்ணை உறுத்தியது. மறுநாள் காலையில் ஒரு தொட்டியும் ரப்பர் செடியும் வாங்கிக்கொண்டு போனார், அந்த இடத்தை மறைத்து வைக்க.

வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். தொட்டியைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "எனக்கா?" என்றாள்.

இவர் தலையை ஆட்டினார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கல்யாணம், குடும்பம், மகள் எல்லாம். உறவுக்காரர்கள் கூடினால் அவள் இந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டாள். "வேலை முடிஞ்சு போன மனுஷன் மறுநாள் தொட்டியும் செடியுமா வந்து நிக்கறார். எனக்கான்னு கேட்டேன். தலையை ஆட்டினார் பாருங்க, அவ்வளவுதான், நான் விழுந்துட்டேன்." எல்லோரும் சிரிப்பார்கள். பசையண்ணன் தரையைப் பார்ப்பார். வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பாதி வெட்கம்தான். மீதிப் பாதி, அந்தச் செடி யாருக்கு வாங்கியது என்பது அவருக்கு மட்டும் தெரியும் என்கிற சங்கடம். தீவு போனால் போகிறது, சுவர்தானே. ஆனால் அந்த ஜாயின்டைச் சொன்னால் செடியையும் சொல்லியாக வேண்டும். அவள் இருபத்தைந்து வருஷமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி அது.

மகள் சும்மா இருக்கிறவளா? படம் எடுத்துக் காட்டினால் எந்த இடம் என்று போனே சொல்லிவிடும் என்றாள். மறுநாளே மருத்துவமனைக்குப் போய் இடது கோடி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்தாள். போன் ஒரு தீவின் பெயரைச் சொன்னது. அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அம்மாவுக்கு ஆசை பொறுக்கவில்லை. தன் மேஜையிலிருந்தபடியே அவளும் ஒரு படம் எடுத்தாள். போன் வேறொரு தீவின் பெயரைச் சொன்னது.

சாயங்காலம் வீட்டில் ஒரே களேபரம்.

"அம்மா, உன் போன் பழசு. அது தப்பாத்தான் சொல்லும்."

"என் போன் பழசா? நீ வாங்கிக் கொடுத்ததுடி. ரெண்டாவது, என் போன்ல மலை தெரியுது. அதே பள்ளம். உன்னோடதுல மலையே காணோமே?"

"மலைக்கு இந்தப் பக்கம் நின்னு எடுத்திருப்பாங்க."

"எந்தப் பக்கம் நின்னா மலை காணாமப் போகும்? மலை என்ன உன் அப்பாவா, கூப்பிட்டதும் எழுந்து உள்ள போறதுக்கு?"

பசையண்ணன் அப்போது சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முழுவதும் அவர் அந்தத் தீவை ஆறப்போடப் பார்த்தார். ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை முடித்திருந்தார். அங்கிருந்து கை நிறைய விளம்பரத் தாள்களை அள்ளி வந்து பரப்பினார். இந்தத் தீவில் ஆமை முட்டையிடுமாம். இந்தத் தீவில் காலையில் கடல் உள்வாங்கினால் நடந்தே பக்கத்துத் தீவுக்குப் போகலாமாம். இங்கே குடிசை கடலுக்கு மேலேயே கட்டியிருக்கிறதாம், காலைத் தொங்கப் போட்டால் மீன் கடிக்குமாம். வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

மனைவி ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். "மீன் கடிக்கறதுக்கு நான் காசு கொடுத்து அவ்வளவு தூரம் போகணுமா? எனக்கு என் தீவு போதும்."

"அங்க கொசு ஜாஸ்தியாம்."

"எங்க? பேரே மறந்துபோச்சுன்னீங்க?"

பசையண்ணன் திருதிருவென்று விழித்தார். அவள் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். அவள் பேசாமலிருந்தால் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்கூடத் தயங்கித்தான் ஓடும்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க. இத்தனை வருஷமா நான் ஊருக்கெல்லாம் அந்தத் தீவைச் சுத்திக் காட்டறேன். ஒரு தடவை அங்க போய் உங்ககூட நிக்கணும்னு ஆசைப்பட்டேன். உங்களுக்கு அங்க வர இஷ்டமில்லையா, இல்ல என்கூட வர இஷ்டமில்லையா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் எப்படி?"

இவர் ஒரு தாளை எடுத்து மடித்தார், பிரித்தார். அவள் எழுந்து உள்ளே போகும்போது, "எங்கேயும் வேணாம். டிக்கெட் காசுல அவளுக்கு ஏதாவது வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. அது பசையண்ணனை அடித்துப் போட்டது. கோபித்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். அழுதால் என்ன செய்வார்? சொன்னால் செடி போய்விடும். சொல்லாவிட்டால் இவளே போய்விடுவாள் போலிருக்கிறதே என்று பயந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனைக்கு விடுமுறை. காலையில் அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சாவியை எடுத்துக்கிட்டு வா. ஒரு வேலை இருக்கு."

"அங்க என்ன வேலை?"

"வா, சொல்றேன்."

உர்ரென்றுதான் வந்தாள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். வழக்கம்போல நேராகப் போய்ச் செடியின் இலை ஒன்றைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பசையண்ணன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். வேறு நாளாக இருந்தால் அவளாக விலகும் வரை அப்படியே நின்றிருப்பார். வீட்டில் சமையலறை வாசலில் அவள் நின்றால்கூட இவர் வெளியே காத்திருக்கிறவர்தான்.

"கொஞ்சம் நகரு" என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இது யார் குரல் என்பதுபோல் பார்த்தாள். நகர்ந்தாள்.

அவர் குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கனமான தொட்டி, தரையில் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. பின்னால் இருந்த இடம் வெளிச்சத்துக்கு வந்தது. இடது பக்கம் மஞ்சள் மணல், வலது பக்கம் வெள்ளை மணல். நடுவில் தலையிலிருந்து கால் வரை ஒரு கோடு. ஓர் அலை பாதி வரைக்கும் வந்து அப்படியே நின்றுபோயிருந்தது.

அவள் கிட்டே போய் விரலால் தடவினாள். "இது என்ன?"

"ஜாயின்ட்."

"நீங்க ஒட்டினா ஜாயின்ட் தெரியாதே?"

"இது ரெண்டு படம்மா. ரெண்டு தீவு. உன் போனும் சரி, அவ போனும் சரி."

ஆரம்பித்தாகிவிட்டது, இனிமேல் நிறுத்த முடியாது. படம் போதாமல் போனதைச் சொன்னார். கிடங்குக்கு ஓடியதைச் சொன்னார். மலை வந்த கதையைச் சொன்னார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். அவர் பயந்த கேள்வி வந்தது.

"அப்போ செடி?"

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கில்லையா?"

"இல்ல. இதை மறைக்கறதுக்கு."

அவள் போய் நோயாளிகள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தே அவர் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷமான மனுஷன் மனைவியின் பக்கத்தில் உட்காரத் துணியாமல் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். பார்த்தவர்கள் இரண்டு பேருக்கும் பல்வலி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே" என்றாள். "உங்க அம்மாகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன். 'உங்க பையன் வாய் பேச மாட்டார், செடி பேசிச்சு'ன்னு."

அவருக்குத் தலை நிமிரவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அது இருக்கட்டும். அளவு எப்படித் தப்பாப் போச்சு? உங்களுக்கு அளவு தப்பவே தப்பாதே. கண்ணாலே பார்த்து ஜன்னல் அகலத்தைச் சொல்ற ஆளாச்சே."

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமாகவே நினைத்ததில்லை.

"அளக்க வந்த அன்னிக்கு இந்தக் கோடியில மேஜை போட்டிருந்தாங்க. பக்கத்துல பெரிய அலமாரி. மேஜையில நீ உக்காந்திருந்தே. டேப்பைக் கோடி வரைக்கும் கொண்டு போகணும்னா, நீ எழுந்து நகரணும். ஏதோ எழுதிட்டு இருந்தே. தலையை நிமிர்த்தவே இல்ல. நகருங்கன்னு சொல்லலாம்னு நின்னேன். நின்னேன்... வரல. சரி, அலமாரியோட சுவர் முடிஞ்சிடும்னு நானா நினைச்சு எழுதிக்கிட்டுப் போயிட்டேன். ஒட்ட வந்த அன்னிக்கு அலமாரியை எடுத்தா, அதுக்கு அந்தப் பக்கமும் சுவர் போகுது."

அவள் அவரையே பார்த்தாள். "அந்த ஒரு வார்த்தைக்காகவா?"

"ம்."

"நான் எழுதவே இல்லைங்க" என்றாள். "வேலையில சேர்ந்து ரெண்டாவது நாள். எழுதறதுக்கு என்ன இருந்தது? டேப்பைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் பக்கத்துல வந்து நிக்கறார், நிக்கறார், நின்னுக்கிட்டே இருக்கார். என்னமோ கேக்கப் போறார்னு நினைச்சுக் குனிஞ்சு சும்மா கிறுக்கிக்கிட்டிருந்தேன். நிமிர்ந்தா சிரிச்சிடுவேனோன்னு பயம். நீங்க ஒண்ணும் கேக்காமலே போயிட்டீங்க. அன்னிக்கு முழுக்க, இவர் என்ன கேக்க வந்தார்னு யோசிச்சேன். அதனாலதான் மறுபடி தொட்டியோட வந்து நின்னதும் எனக்கான்னு கேட்டேன். இல்லேன்னா எந்தப் பொண்ணு அப்படிக் கேப்பா?"

அவர் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் இருக்கும்போதே வந்த சிரிப்பு. பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து வந்து அவர் தோளில் ஓர் அடி போட்டாள். "செடியை எனக்கு வாங்கலை, சரி. அந்த ஜாயின்ட் யாரால விழுந்தது? அது எனக்காக விழுந்ததுதானே? செடி எந்தக் கடையிலயும் கிடைக்கும்ங்க. உங்க கையால ஒரு ஜாயின்ட் தெரிய ஒட்ட வச்சவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்."

பசையண்ணனுக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதி கொஞ்ச நஞ்சமில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தூக்கிக்கொண்டிருந்த ஏணியை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. சிரித்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார்கள்.

"சரி, இப்ப எதுக்குப் போறது?" என்றார். "படகா, மலையா? ரெண்டுக்கும் போக நம்மால ஆகாது."

அவள் யோசித்தாள். "மலை."

"தென்னை மரத்து நிழல் உனக்குப் பிடிக்குமே?"

"பிடிக்கும். ஆனா அந்தப் பக்கம் டாக்டர் வாங்கினது. மலை நீங்க கொண்டுவந்தது. அதுவுமில்லாம, இத்தனை வருஷத்துல ஒருத்தரைக்கூட நான் உச்சி வரைக்கும் அனுப்பினதில்ல. பாதி வழியில டாக்டர் கூப்பிட்டுடுவார். அங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது."

மகளிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம், "என் போன் சரியாத்தானே சொல்லிச்சு?" என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மலைத் தீவு நன்றாக இருந்தது. சுவரில் இருந்ததைவிடச் சின்ன மலை, ஆனால் சுவரில் இல்லாத காற்று. தங்கிய அறையில் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டியிருந்தார்கள். பசையண்ணன் முதல் நாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "குமிழி இருக்கு" என்று வருத்தப்பட்டார். மனைவி ஜன்னல் திரையை விலக்கி, "மனுஷா, கடல் இந்தப் பக்கம் இருக்கு" என்றாள்.

பள்ளம் வரைக்கும் ஏறினார்கள். அவருக்கு முழங்கால் வலித்தது, அவளுக்கு மூச்சு வாங்கியது. வழியில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், "செருப்பைக் கையில வச்சுக்கோங்க, மெதுவா, அவ்வளவுதான், டாக்டர் கூப்பிட மாட்டார்." உச்சியில் நின்று பார்த்தால் கீழே கரையோரம் கடல் வெளிறிய பச்சை. கொஞ்ச தூரம் போனதும் கோடு போட்ட மாதிரி கருநீலம்.

"ஆழம் அதிகம்" என்றார் பசையண்ணன். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சுவரில் ஜாயின்டுக்கு அவள் சொன்ன சாக்கு இங்கே நிஜமாகவே இருந்தது.

கடைசி நாள் கரையில் நின்று அவரைப் படம் எடுத்தாள். மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி.

"நகருங்க" என்றாள்.

அவர் நகர்ந்தார்.

"இன்னும். இடது பக்கம். மணலும் தண்ணியும் சேருது பாருங்க, அங்க. தலையை நிமிர்த்துங்க. ம், நில்லுங்க."

ஊர் திரும்பியதும் அந்தப் படத்தை சுவர் உயரத்துக்கு அச்சடித்து ஒரு பட்டையாகக் கொண்டுவரச் சொன்னாள். எதற்கு என்று புரிந்ததும் பசையண்ணன் ஒற்றைக் காலில் நின்று மறுத்தார். ஊரே வந்து பார்க்கிற இடம், மானம் போகும், நான் செத்தாலும் ஒட்ட மாட்டேன் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஒட்டினார். நடுவில் இருந்த கோட்டின் மேல் பட்டையை வைத்து, ஒரு பக்கம் மஞ்சள் மணல், ஒரு பக்கம் வெள்ளை மணல், இரண்டுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு அவரே நிற்கும்படி. இந்தத் தடவை ஜாயின்ட் சுத்தமாகத் தெரியவில்லை. தொட்டிச் செடியை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு அவள் கேட்டாள், "எனக்கா?" அவர் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "உனக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், உக்காருங்க. அந்தப் படகைப் பாருங்க" என்று மேஜையிலிருந்து குரல் வந்தது. "மெதுவா இறங்குங்க. தென்னை மரத்துக்கிட்ட ஒரு மூச்சு விடுங்க. விட்டீங்களா? இப்ப நேராப் போங்க. நடுவுல ஒருத்தர் நிப்பார்."

"யார் அவர்?"

"எங்க வீட்டுக்காரர். அவரை நகரச் சொல்லாதீங்க, நீங்களே சுத்திப் போயிடுங்க. எனக்காக நிக்கறார்."